மருந்தும் ஓர் அமானிதமே

 

பெற்றோரையும் பெற்றோர் நிலையில் உள்ள முதியவர்களையும் முதியோர் இல்லத்தில் கொண்டு சேர்ப்பது ஆகுமா, ஆகாதா என்னும் வினா, பெண்கள் கூடும் பயான் மஜ்லிஸ்களில் இப்போதெல்லாம் தவறாமல் எழுகின்றது. அதற்கு விடை எழுதப் புகுந்தால் இந்தப் பக்கங்கள் போதா. அதை மற்றொரு மாதத்திற்கு வைத்துக்கொள்வோம். மக்கட்பேறு இல்லாத கைம்பெண்களும், பிள்ளைகள் யாவரும் கடல் கடந்து சென்றுவிட்ட தாய்மார்களும், எழுந்து நடக்க இயலாத நிலையில் வீட்டில் தூக்கி இருத்த ஆளில்லாதவர்களும் நம் சமுதாயத்திலும் அத்தகைய இல்லங்களில் இருக்கின்றார்கள் என்பது கண்கூடு. சேர்த்தாகிவிட்டது; அதன் பிறகு நம் கடமை என்ன? மாதப் பணத்தைக் கட்டுவதோடும், பெருநாளைக்குப் புதுப்புடைவை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் அமர்ந்துவிட்டு வருவதோடும் அது முடிந்துவிடுகின்றதா? இந்த மாதம் அந்தக் கடமையின் ஒரு சிறு பகுதியை மட்டும், அதாவது அவர்கள் வாய்க்குள் போகும் மாத்திரையை மட்டும் எழுத எண்ணுகின்றேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு.

என் தாயாரின் மூத்த சகோதரி, எங்கள் பெரியம்மா, கணவரை இழந்தவர்கள்; பிள்ளைகள் இல்லை. எழுபது வயதைக் கடந்த பின் முடக்குவாதம் கைவிரல்களை மடக்கிவிட்டது. வீட்டில் தனியே இருக்க முடியாத நிலை வந்தபோது, குடும்பத்தார் கூடிப் பேசி ஓர் இல்லத்தில் சேர்த்தோம். எந்த ஊர், எந்த இல்லம் என்பது வேண்டா. ஏனெனில் நடந்த பிழையில் பெரும்பங்கு என்னுடையது.

சேர்த்த அன்று மேற்பார்வையாளர் அம்மையார், மருத்துவரின் சீட்டிலுள்ள எழுத்து தங்களுக்கு விளங்கவில்லை என்றும், மருந்துகளைத் தெளிவாகத் தமிழில் எழுதிக் கொடுத்தால் நலம் என்றும் கூறினார். மதரஸாவில் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. என் கையெழுத்தின் மீது எனக்குச் சிறிது பெருமையும் உண்டு. ஏழு மருந்துகளைக் கோடு போட்ட தாளில் வரிசையாக எழுதினேன். முதல் வரியில் 'தினமும் காலை 1' என்று எழுதிவிட்டு, அடுத்தடுத்த வரிகளில் மேலே உள்ளதே என்பதற்கு அடையாளமாக இரண்டு சிறு கோடுகளை இட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாவது வரியில் இருந்தது முடக்குவாதத்திற்கான மெத்தோட்ரெக்ஸேட். அது வாரத்தில் ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும் உண்ண வேண்டிய மாத்திரை. கை பழக்கத்தில் அந்த வரியிலும் இரண்டு கோடுகளை இட்டுவிட்டது.

பெரியம்மா அந்த மாத்திரைக்கு 'ஜும்ஆ மாத்திரை' என்று பெயரே வைத்திருந்தார்கள். இல்லத்தில் இரண்டாம் நாளும் அதைக் கையில் வைத்தபோது, "ஏம்மா, இது ஜும்ஆ மாத்திரையல்லவா? இன்றைக்கு எதற்கு?" என்று கேட்டிருக்கின்றார்கள். பணிப்பெண் சிறு வயதுப் பிள்ளை. பதினெட்டு மூதாட்டிகளை ஒருத்தியாகக் கவனித்துக்கொண்டிருந்தவள். தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "சீட்டில் தினமும் என்றுதான் இருக்கிறது, பாட்டிம்மா" என்றாளாம். அவள் பார்த்தது உண்மைதான். பெரியம்மா வாயை மூடிக்கொண்டார்கள். "வந்த மறுநாளே அறிவு மங்கிய கிழவி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்" எனப் பின்னர் என்னிடம் கூறினார்கள்.

ஒன்பது நாட்கள் சென்றன. வாயில் புண் கண்டது. உடற்சூடு என்று மோர் கொடுத்தார்கள். பிறகு கஞ்சியும் இறங்கவில்லை, காய்ச்சல் வந்தது, கைகளில் இடித்துக்கொண்டாற் போல் நீலத் தழும்புகள் தோன்றின. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது அங்கிருந்த மருத்துவர் செய்த முதற்காரியம், மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிக் காலியான குழிகளை எண்ணியதே. ஒன்பது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. ஃபோலினிக் அமில ஊசிகள் போட்டார்கள். பதினாறு நாட்கள் அங்கே கிடந்து, அல்லாஹ்வின் அருளால் எழுந்து வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இந்த மருந்தைப் பற்றிச் சில வரிகள் எழுதத்தான் வேண்டும்; ஏனெனில் நம் வீடுகளில் பலர் இதை உண்கின்றார்கள். புற்றுநோய்க்குப் பெரிய அளவில் தரப்படுவதும், முடக்குவாதத்திற்கும் சில தோல் நோய்களுக்கும் சிறிய அளவில் வாரம் ஒருமுறை தரப்படுவதும் ஒரே மருந்தே. வாரம் ஒருமுறை உண்டால் நோயை அடக்குகின்றது. நாள்தோறும் உண்டால் எலும்பு மஜ்ஜையின் வேலையையே நிறுத்திவிடுகின்றது. சிறுநீரகத்தின் வழியே உடலை விட்டு வெளியேற வேண்டிய மருந்தாகையால், சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வாரத்திற்குரியதை நாளைக்குரியதாக உண்டு இறந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் இதற்காகவே பல ஏற்பாடுகளைப் பரிந்துரைத்தது: புட்டியில் அடைக்காமல் அட்டையில் அடைத்தல், 'வாரம் ஒருமுறை' என்னும் எச்சரிக்கையை மேலுறையில் பெரிதாக அச்சிடுதல், நோயாளி கையில் ஒரு குறிப்பட்டை கொடுத்தல் ஆகியன அவற்றுள் சில. எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட் மாத்திரைகளிலும் வாரத்துக்கு ஒன்று உண்பவை உண்டு. அதை வெறும் வயிற்றில் ஒரு குவளைத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும்; படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். எனவே, வார மருந்து எதுவாயினும் கிழமையின் பெயரை எழுதுங்கள். 'வாரம் ஒன்று' என்று மட்டும் எழுதுவதும் போதாது. இரண்டு கோடுகளை ஒருபோதும் இடாதீர்கள்.

என் பிழையை நினைத்து நான் வருந்திக்கொண்டிருந்த நாட்களில், ஆங்கிலேய நாட்டில் 2009-இல் வெளியான ஆய்வொன்றைப் பற்றிப் படித்தேன். 55 இல்லங்களில் இருந்த 256 முதியவர்களின் மருந்துகளை ஆராய்ந்திருக்கின்றார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக எட்டு மருந்துகள் உண்பவர்கள். அவர்களுள் 178 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேருக்கு, ஏதேனும் ஒரு பிழை நேர்ந்திருந்தது. பிழைகள் யாவும் பணியாளர்கள் செய்தவை அல்ல. மருத்துவர் எழுதுவதில், மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதில், பணியாளர் ஊட்டுவதில் எனச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இருந்தன. அத்துணை ஒழுங்குமுறைகளும் கண்காணிப்பும் உள்ள நாட்டில் இந்த நிலை. அங்கே 2014-இல் இல்லங்களுக்கென்று மருந்து வழிகாட்டி ஒன்றையும் வெளியிட்டார்கள். நம் நாட்டில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆதரவற்ற முதியவர்கள் நூற்றைம்பது பேரேனும் தங்கும் இல்லம் ஒன்றை அரசு அமைக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கூறுகின்றது. ஆனால் நாம் பணம் கட்டிச் சேர்க்கும் இல்லத்தில் இரவு பத்து மணிக்கு மாத்திரை கொடுப்பவர் யார், அவருக்குப் படிக்கத் தெரியுமா என்பதைச் சேர்ப்பதற்கு முன்பு நாமேதான் கேட்டறிய வேண்டும். படுக்கை விரிப்பின் தூய்மையைப் பார்க்கின்றோம். தொழுவதற்கு இடம் இருக்கின்றதா என்று பார்க்கின்றோம். இதைக் கேட்பதற்கு ஏனோ கூச்சப்படுகின்றோம்.

வரலாறு படித்தவள் என்பதால் ஒன்று நினைவுக்கு வருகின்றது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் நிறுவிய மாரிஸ்தானில் செல்வர், வறியவர் என்னும் வேறுபாடின்றிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. செலவு வக்ஃபு வருமானத்தைச் சார்ந்தது. அக்கால இஸ்லாமிய நகரங்களில் கடைத்தெருவைக் கண்காணித்த முஹ்தஸிபின் கடமைகளுள், மருந்து விற்பவர்களையும் ஷர்பத் காய்ச்சுபவர்களையும் சோதிப்பதும் ஒன்றாக இருந்தது. இதற்கென்றே கைநூல்கள் எழுதப்பட்டன. மருந்தைக் கண்காணிப்பது மார்க்கத்திற்குப் புறம்பான காரியம் என்று நம் முன்னோர் கருதவில்லை என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன்.

இனி இல்லத்திற்குள் செல்வோம்.

மருந்து கொடுப்பவர் முதலில் உறுதி செய்ய வேண்டியது ஆளை. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் முஸ்லிம் முதியவர்கள் மிகுந்த ஓர் இல்லத்தில் எத்தனை பாத்திமா பீவிகள், எத்தனை ஜைனபுகள், எத்தனை கதீஜா அம்மாள்கள் என்று எண்ணிப் பாருங்கள்! "நீங்கள்தானே பாத்திமா?" என்று கேட்டால், காது மந்தமான மூதாட்டி எதற்கும் தலையை ஆட்டுவார்; அறிவு தடுமாறியவர் ஆமென்றே சொல்லிவிடுவார். "உங்கள் பெயர் என்ன, உங்கள் கணவர் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். சொல்ல இயலாதவராயின், மருந்துத்தாளின் தலைப்பில் அவருடைய நிழற்படம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். நிழற்படம் ஒட்டுவதில் தயக்கம் காட்டும் சில குடும்பங்களை நான் அறிவேன். கடவுச்சீட்டுக்கு எடுத்ததில் ஒன்றைக் கொடுங்கள். ஹஜ்ஜுக்குப் போவதற்கு எடுத்த படம் உயிரைக் காப்பதற்கும் பயன்படட்டும்.

அடுத்து, ஒரு வேளையில் ஒருவருக்கு என்னும் முறை. காலை எட்டு மணிக்குப் பதினெட்டுச் சிறு கிண்ணங்களை வரிசையாக வைத்து, எல்லாருடைய மாத்திரைகளையும் பிரித்துப் போட்டுவிட்டு, பிறகு தட்டில் ஏந்திச் சென்று கொடுப்பது பல இடங்களில் வழக்கம். வேலை விரைவில் முடியும் என்பது உண்மை. ஆனால் அட்டையிலிருந்து பிரிந்த மாத்திரைக்குப் பெயர் இல்லை. இரண்டு கிண்ணங்கள் இடம் மாறினால் அதை உலகில் எவராலும் கண்டறிய முடியாது. ஒருவருடைய பெட்டியை எடுத்து, தாளைப் பார்த்து, அட்டையிலுள்ள பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டு, கையில் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கியதைக் கண்ணால் கண்டு, அதன் பிறகே தாளில் கையெழுத்திட வேண்டும். முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது பொய்ச் சாட்சியத்திற்கு ஒப்பானது. கொடுத்த பிறகு எழுத மறந்தால், அடுத்து வருபவர் இரண்டாம் முறையும் கொடுத்துவிடுவார். அவர் மாத்திரை பிரித்துக்கொண்டிருக்கும்போது நாம் போய், "எங்கள் மாமி எப்படி இருக்கிறார்கள்?" என்று பேச்சுக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

அட்டையில் பெயரைப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. ஒரே வணிகப் பெயருக்குப் பின்னால் 'எம் 1', 'எம் 2', 'ஃபோர்ட்டே' என்று சிறு ஒட்டுகள் வரும். அவற்றை அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. மருந்தின் அளவையும் சேர்க்கையையும் குறிப்பவை அவை. 'எஸ்.ஆர்.', 'எக்ஸ்.எல்.' போன்ற எழுத்துகள் இருந்தால், நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை என்று பொருள். முழுங்கச் சிரமப்படுகின்றார் என்று அதை அம்மியில் நசுக்கி வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால், ஒரு நாளைக்குரிய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். இரத்த அழுத்த மாத்திரையாயின் முதியவர் மயங்கி விழுவார். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். விழுங்க இயலவில்லை என்று மருத்துவரிடம் கூறினால், அதே மருந்தை நீர்மமாகவோ, நசுக்கத்தக்க வேறு மாத்திரையாகவோ மாற்றித் தருவார். கூட்டுறையை உடைத்துத் தூளைக் கஞ்சியில் தூவுவதும் கேட்காமல் செய்யத் தக்கதன்று.

கூட்டுறை என்றதும், அதன் ஜெலட்டின் ஹலாலா என்னும் ஐயம் எழுவதை அறிவேன். பேணுதல் உடைய மூதாட்டிகள் சிலர் இந்த ஒரு காரணத்திற்காகவே மாத்திரையைத் துப்பிவிடுவதுண்டு. குவைத்தில் 1995-இல் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கு, முற்றிலும் வேறொரு பொருளாக மாறிவிட்ட ஜெலட்டினைத் தூய்மையானதாகக் கருதலாம் என்னும் கருத்தை வெளியிட்டது. அதை ஏற்காத உலமாக்களும் இருக்கின்றார்கள். உங்கள் ஊர் ஆலிம் பெருமக்களிடம் தீர்ப்புக் கேட்டு, அதை முதியவரிடம் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டா என மருத்துவரிடமும் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் ஊட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

ஏனெனில், இதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கின்றது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியில் பதிவாகியுள்ளது. அண்ணலார் நோயுற்றிருந்தபோது, வீட்டார் அவர்களுடைய வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றினார்கள். வேண்டா என்று அண்ணலார் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்தின் மீது இயல்பாக உண்டாகும் வெறுப்பு என்று எண்ணி, வீட்டார் அதைப் பொருட்படுத்தவில்லை. அண்ணலார் தெளிவு பெற்றதும், தாம் தடுத்தும் ஏன் ஊற்றினீர்கள் என்று கடிந்து, அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் அதே மருந்தைத் தம் கண்முன் ஊற்றச் செய்தார்கள். அந்நேரத்தில் உடன் இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்களித்தார்கள். மதரஸாவில் இதை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கின்றேன். மாணவிகள் சிரிப்பார்கள்; நானும் புன்னகைத்துவிட்டு அடுத்த ஹதீஸுக்குச் சென்றுவிடுவேன். பெரியம்மாவின் படுக்கையருகே அமர்ந்திருந்த ஓர் இரவில்தான் இதன் பொருள் என்னைச் சுட்டது. ஊற்றியவர்கள் அன்பு மிகுந்தவர்கள், நன்மையையே நாடினார்கள். ஆயினும் நோயாளி காட்டிய மறுப்பு, நோயாளியின் வெறுப்பு என்று ஒதுக்கப்பட்டது. 'ஜும்ஆ மாத்திரையல்லவா?' என்ற கேள்வியும் அவ்வாறே ஒதுக்கப்பட்டது. நல்ல அறிவோடு இருக்கும் முதியவர் ஒரு மாத்திரையை வேண்டாவென்றால், ஏன் என்று கேட்க வேண்டும். ஐயத்தைத் தெளிவிக்கும் வரை அந்த மாத்திரை பெட்டியிலேயே இருக்கலாம். மறுத்தார் என்பதைத் தாளில் எழுதி, மருத்துவருக்கும் குடும்பத்தாருக்கும் தெரிவிக்க வேண்டும். அறிவு முற்றிலும் தடுமாறியவர்களுக்கு மறைத்துக் கொடுக்க நேர்ந்தால், அதை மருத்துவரும் உறவினரும் கலந்து முடிவு செய்ய வேண்டுமேயன்றி, பணிப்பெண் தனித்து முடிவு செய்தல் தகாது.

இன்சுலின் போடுபவர்கள் வீட்டிலானாலும் இல்லத்திலானாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு உள்ள புட்டியும் விற்கின்றது. 100 அலகு உள்ளதும் விற்கின்றது. அவற்றிற்குரிய ஊசிக்குழல்களும் வெவ்வேறு. 40-க்கு உரியதன் மூடி சிவப்பு. 100-க்கு உரியது ஆரஞ்சு. 100 அலகுப் புட்டியிலிருந்து சிவப்பு மூடிக் குழலில் 20 என்னும் கோடு வரை இழுத்தால், உள்ளே செல்வது 20 அல்ல, 50 அலகு. இரண்டரை மடங்கு! மாறாக, 40 அலகுப் புட்டியிலிருந்து ஆரஞ்சு மூடிக் குழலில் 20 வரை இழுத்தால் 8 அலகே செல்லும். மகன் ஓர் ஊரில் புட்டியையும், மருமகன் வேறோர் ஊரில் குழலையும் வாங்கி வரும் குடும்பங்களில் இந்தக் குழப்பம் எளிதில் நேரும். இரண்டையும் ஒரே கடையில், ஒன்றையொன்று ஒப்பிட்டு வாங்குங்கள். திறக்காத புட்டி குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும்; பனிக்கட்டி உறையும் மேலறையில் வைத்தால் கெட்டுவிடும்.

பார்க்கப் போகும் நாமும் சில தீங்குகளைக் கையோடு கொண்டு செல்கின்றோம். துபாயிலோ ரியாதிலோ இருக்கும் மகன், "அங்கே விற்பதைவிட இது உயர்ந்த மருந்து" என்று அனுப்பும் மாத்திரை, இங்கே ஏற்கெனவே உண்டுகொண்டிருக்கும் அதே மருந்தாக, வேறு வணிகப் பெயரில் இருக்கும். தாய் இரண்டையும் உண்பார். பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் மூலப்பெயரைப் படித்து ஒப்பிட்டால் உண்மை விளங்கிவிடும். கருஞ்சீரகமும் தேனும் நபிமொழிகளில் சிறப்பிக்கப்பட்டவை. அவற்றை இகழ்வதற்கு நான் யார்? ஆனால் நீரிழிவு உள்ள மூதாட்டியின் தலையணை அடியில் ஒரு புட்டித் தேனை வைத்துவிட்டு வருவது அன்பாகாது. கொண்டு போவதைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். தாளில் எழுதச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. வீட்டில் ஒருவர் வஃபாத்தானதும், எஞ்சிய மாத்திரைகளை ஒரு பையில் போட்டு, ஸதகா என்னும் நிய்யத்தோடு முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வருகின்றார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தப் பையில் பாதி வெட்டப்பட்ட அட்டைகளே இருக்கும்; வெட்டிய பகுதியோடு பெயரும் காலாவதி நாளும் போயிருக்கும். வெயிலில் இருந்ததா, ஈரத்தில் இருந்ததா என்பதும் எவருக்கும் தெரியாது. ஏழைக்கு ஸதகா செய்ய விரும்பினால், அந்த இல்லத்தில் இருப்பவருக்கு மருத்துவர் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி, மக்கள் மருந்தகத்தில் புதிதாக வாங்கிக் கொடுங்கள். அங்கே விலையும் குறைவு.

ரமளான் வரும்போது மேற்கூறிய யாவும் இருமடங்கு சிக்கலாகிவிடுகின்றன. இல்லத்தின் மணி காலை எட்டு, பகல் ஒன்று, இரவு எட்டு. நோன்பாளியின் மணியோ ஸஹரும் இஃப்தாரும். எழுபது ஆண்டுகள் நோன்பு வைத்த மூதாட்டி, பகல் மாத்திரையை வாங்கி வாயின் ஓரத்தில் அடக்கிக்கொண்டு, பணிப்பெண் நகர்ந்ததும் முந்தானையில் முடிந்துகொள்வார். ஈமானின் உறுதியால் செய்வது அது; கோபித்துப் பயனில்லை. ஷஅபானிலேயே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இவர் நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று எழுதி வாங்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு இருமுறை உண்பவற்றுள் பலவற்றை மாற்றிவிட முடியும். நீரிழிவு மாத்திரைகளுள் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை பட்டினியில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும். வழக்கமாகக் காலையில் உண்டதை அப்படியே ஸஹரில் உண்பது பெருந்தவறு; நேரத்தையும் அளவையும் மருத்துவர்தான் மாற்ற வேண்டும். இளையவர்களுக்கு வியர்வையும் நடுக்கமும் முன்னறிவிக்கும். முதியவர்களுக்கு வெறும் உறக்கமாகவோ பிதற்றலாகவோ தோன்றி, அஸரிலிருந்து மஃரிபுக்குள் நினைவு தப்பிவிடக் கூடும். இரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால், இஃப்தாருக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை முறித்தாக வேண்டும். விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறிவதில்லை என்பதை அவர்களுக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பற்றியும் பலருக்கு அச்சம் உண்டு. ஜித்தாவில் 1997-இல் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால் அம்மாத்திரை நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. கண் சொட்டுமருந்தும், ஊட்டத்திற்காக அல்லாத ஊசிகளும் அந்தத் தீர்மானத்தில் அடங்கும். மத்ஹபுகளின் நுண்ணிய கருத்துகளுக்கேற்ப உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். ஆனால் நெஞ்சுவலி வந்த பிறகு ஃபத்வா தேடக் கூடாது; உயிருக்கு ஆபத்தென்றால் நோன்பை விடுவதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை. நோன்பு நோற்க இனி இயலாத முதியவருக்கு ஃபித்யாவை அல்லாஹ்வே வைத்திருக்கின்றான். அதை இழப்பாக அவர்கள் உணராதவாறு, ஃபித்யா அரிசியை அவர்கள் கையாலேயே எடுத்துக் கொடுக்கச் செய்யுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு, பெரியம்மாவின் தாளைப் புதிதாக எழுதினேன். காலை, பகல், இரவு என்னும் மூன்று கட்டங்களுக்குப் பதிலாக, ஏழு கிழமைகளுக்கும் ஏழு கட்டங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வரியில் வெள்ளி தவிர ஆறு கட்டங்களிலும் சிவப்பு மையால் குறுக்குக் கோடு அடித்தேன். நானே எழுதி நானே சரிபார்க்காமல், மருந்துக்கடைக்காரரிடம் மூலச்சீட்டோடு கொடுத்து, ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுக் கையெழுத்திடச் சொன்னேன். அவர் இரண்டாம் வரியில் ஒரு மில்லிகிராம் எண்ணைத் திருத்தினார்! அந்தப் பணிப்பெண்ணிடமும் பேசினேன். பிழை அவளுடையது அன்று என்று நான் சொன்னதும் அழுதுவிட்டாள். மேற்பார்வையாளர் அவளுடைய மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் இரண்டு கோடுகளுக்கு அவள் கொடுத்த விலை அது. அதை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கச் செய்வதற்குள் மூன்று முறை நடந்தேன்.

பெரியம்மா இன்னும் அங்கேதான் இருக்கின்றார்கள். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, சுருமா இட்டுக்கொண்டு, அவர்களே கையை நீட்டிக் கேட்கின்றார்களாம். மற்ற நாட்களில் அந்தப் பெண் பெட்டியைத் திறந்தால், "எதைக் கொடுக்கிறாய், பெயரைப் படித்துக் காட்டு" என்கின்றார்களாம். அவளும் எழுத்துக் கூட்டிப் படிக்கின்றாளாம்.